கணக்குதான் இறால்

ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் மெயின் ரோட்டை ஒட்டி சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட், சாதிச் சான்றிதழ் என்று வருஷம் பூரா ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். மே மாதம் மட்டும் வேறு மாதிரி. ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, படகைக் கரையேற்றி பலகை மாற்றிக்கொண்டும் பெயின்ட் அடித்துக்கொண்டும் இருப்பார்கள், வீடுகளில் காசு புழங்காது, சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பிளஸ் டூ ரிசல்ட் வரும். அப்புறம் என் கடை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

இந்த வருஷம் ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு அக்கா இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரட்டைப் பிள்ளைகள். ஒரே அரசுப் பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், அக்கா கருவாடு காயப்போட்டு விற்கிறவர். வந்ததும் உட்காரக்கூட இல்லை.

"தம்பி, பெரியவ 518, சின்னவ 489. பெரியவளுக்கு இன்ஜினியரிங் போட்டுருங்க. சின்னவளுக்கு ஏதாச்சும் டிகிரி பாத்துப் போட்டுவிடுங்க. ரெண்டு பேருக்கும் இன்ஜினியரிங் படிக்க வைக்க நமக்குத் தெம்பில்ல."

சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மார்க் ஷீட் பிரிண்ட் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெரியவளுக்குத் தமிழ் 96, ஆங்கிலம் 94, இயற்பியல் 78, வேதியியல் 80, கணிதம் 72, கம்ப்யூட்டர் சயின்ஸ் 98. சின்னவளுக்குத் தமிழ் 78, ஆங்கிலம் 70, இயற்பியல் 84, வேதியியல் 82, கணிதம் 95, கம்ப்யூட்டர் சயின்ஸ் 80. கூட்டிப் பார்த்தால் அக்கா சொன்னது சரிதான், 518-ம் 489-ம்.

ஆனால் பொறியியல் கவுன்சலிங்கில் யாரும் இந்த 518-ஐப் பார்க்க மாட்டார்கள். கணித மார்க்கை அப்படியே 100-க்கு எடுத்துக்கொள்வார்கள், இயற்பியலைப் பாதியாக்கி 50-க்கு, வேதியியலைப் பாதியாக்கி 50-க்கு, மொத்தம் 200. அதுதான் கட்ஆஃப். வீணாய்ப்போன ஒரு ஜெராக்ஸ் தாளைத் திருப்பிப்போட்டு எழுதிக் காட்டினேன். பெரியவளுக்கு 72, அதோடு 39, அதோடு 40, ஆக 151. சின்னவளுக்கு 95, 42, 41, ஆக 178.

அக்கா அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "29 மார்க்கு கூட வாங்குனவ எப்படி தம்பி கீழ போவா?"

இந்தக் கேள்வியை வருஷா வருஷம் யாராவது ஒருவர் கேட்கிறார்கள். சூத்திரத்தை மறுபடி சொல்லிப் பிரயோஜனமில்லை என்று இத்தனை வருஷத்தில் தெரிந்துகொண்டேன். "அக்கா, படகு வந்து நின்னதும் ஏலத்துல மொத்தம் எத்தனை கிலோன்னா கேக்குறாங்க?" என்றேன். "ஒரு படகுல முந்நூறு கிலோ சங்காயம், இருபது கிலோ இறால். இன்னொண்ணுல நூறு கிலோ சங்காயம், அறுபது கிலோ இறால். எந்தப் படகுக்காரருக்குக் காசு கூட?"

சங்காயம் என்றால் மலிவாகப் போகிற பொடிமீன். நான் முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. "அப்போ கணக்குதான் இறாலு."

"ஆமாக்கா. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி அதுக்குப் பாதி வெலை. தமிழ், இங்கிலீசு, கம்ப்யூட்டர் மூணையும் இந்த ஏலத்துல கூடையிலயே எடுக்க மாட்டாங்க."

சொன்ன பிறகு பெரியவள் முகத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆறு பாடத்திலும் விழுந்து விழுந்து படித்த பிள்ளை. 518 என்பது சாதாரண மார்க் கிடையாது. ஆனால் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு எடை என்று அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை, தேர்வு எழுதி முடித்து ரிசல்ட்டும் வந்த பிறகு ஒரு பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் அதைத் தெரிந்துகொள்கிறாள்.

அவள் கேட்டது ஒன்றுதான். "கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கிறதுக்குக் கம்ப்யூட்டர்ல வாங்குன 98-க்கு மதிப்பே இல்லையா அண்ணே?"

கட்ஆஃபில் இல்லை. இரண்டு பேர் ஒரே கட்ஆஃபில் வந்து நின்றால் முதலில் கணித மார்க் யாருக்குக் கூட என்று பார்ப்பார்கள், அதுவும் ஒன்றாக இருந்தால் இயற்பியல், அதுவும் ஒன்றாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி நான்காவது பாடம் பேச்சுக்கே வரும். கணிதத்தின் எடை இங்கேயும் ஒரு தடவை சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். 178 கட்ஆஃபில் பத்துப் பேர் நின்றால் அதில் கணிதம் 95 வாங்கியவள் 90 வாங்கியவளுக்கு முன்னால் போவாள்.

எனக்கு இந்தக் கேள்வி சுருக்கென்று இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் பிளஸ் டூ முடித்தது 2003-ல். அப்போது மொத்தம் 1200, பாடத்துக்கு 200. நான் வாங்கியது 1052, கம்ப்யூட்டர் சயின்ஸில் மட்டும் 197. வீட்டில் கேசரி கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார்கள். கணிதத்தில் 151. அப்போது கட்ஆஃப் 300-க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, அதற்குமேல் நுழைவுத்தேர்வுக்கு 100. என் 1052-ஐ இந்தத் தராசில் போட்டால் 200-க்கு 161.5 வந்தது. நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் மதுரைக்குப் போய்த் தங்க வேண்டும், அதற்கு வழியில்லை, அதில் 41. ஆக 202.5. என்னைவிட மொத்தத்தில் 66 மார்க் குறைவாக வாங்கிய என் கூட்டாளிக்கு மதுரையில் சீட் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவன் கெட்டிக்காரன், அவனுக்குக் கிடைத்தது நியாயம்தான். என் வருத்தமெல்லாம் வேறு. இரண்டு வருஷமும் எங்களிடம் "டோட்டலை ஏத்து, டோட்டலை ஏத்து" என்றே சொன்னார்கள். நான் டோட்டலை ஏற்றினேன். எந்தத் தராசில் நிறுக்கப்போகிறார்கள் என்று ஒருத்தர் ஒரு நாள் போர்டில் எழுதிக் காட்டியிருந்தால் தமிழுக்குச் செலவழித்த ராத்திரிகளில் பாதியைக் கணிதத்துக்குக் கொடுத்திருப்பேன்.

2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத்தேர்வு போய்விட்டது, அதற்கென்றே சட்டம் போட்டார்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. எடை என்பது யாரோ உட்கார்ந்து முடிவு செய்வதுதான், காலத்துக்குக் காலம் மாறுவதுதான். என்ஐடி என்கிற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளின் சேர்க்கையில் 2013 முதல் 2016 வரை ஜேஇஇ நுழைவுத்தேர்வு மார்க்கோடு பிளஸ் டூ மார்க்குக்கும் 40 சதவீதம் எடை கொடுத்தார்கள், 2017-ல் எடுத்துவிட்டார்கள். அந்த நான்கு வருஷம் எழுதியவர்களுக்கு ஒரு தராசு, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு வேறு தராசு. அதனால் அண்ணன் எப்படி சேர்ந்தான் என்பதை வைத்துத் தம்பிக்குக் கணக்குப் போடாதீர்கள்.

இப்போதைய 200-க்குள் இன்னொன்றையும் பிரித்துப் பார்த்தால் நல்லது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. இயற்பியலில் 100 என்பது எழுத்துத் தேர்வு 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10. வேதியியலும் அப்படியே. கணிதம் எழுத்து 90, இன்டர்னல் 10. பாதியாக்கிக் கணக்குப் போட்டால் இயற்பியலின் 30 பதினைந்தாகும், வேதியியலின் 30 பதினைந்தாகும், கணிதத்தின் இன்டர்னல் பத்து அப்படியே நிற்கும். மொத்தம் 40. அதாவது 200 கட்ஆஃபில் 40 எழுத்துத் தேர்வு நாளுக்கு முன்னாலேயே முடிந்துபோன விஷயம். பிராக்டிகல் வகுப்புக்கு மட்டம் போடுகிற பிள்ளைகளிடம் நான் இந்த ஒரு கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன். அதேபோல மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ காசு கட்டப்போகிறீர்கள் என்றால், கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், முதலில் கணிதத் தாளுக்குக் கட்டுங்கள். அங்கே கூடுகிற ஒரு மார்க் கட்ஆஃபில் ஒரு மார்க். இயற்பியலில் கூடினால் அரை. அந்த அரை மார்க்கும் ரேங்கில் நிறையப் பேரைத் தாண்ட வைக்கும், அதையும் குறைத்துச் சொல்லவில்லை.

விண்ணப்பிக்கத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் இந்த எடையெல்லாம் கிடையாது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் சமமாக வைத்து சராசரி எடுப்பார்கள், பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், மற்றவர்களுக்கு 40. உள்ளே நுழைய எடையில்லாத சராசரி, நுழைந்த பிறகு வரிசையில் நிற்க எடை போட்ட கட்ஆஃப்.

அன்றைக்கு அக்காவிடம் சொன்னதில் மீதி இருக்கிறது. ஏலம் இது ஒன்றுதான் என்றில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடத்தையும் சமமாகக் கூட்டி 400-க்கு ரேங்க் போடுவார்கள். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸும் கணிதமும் ஒரே விலை. பெரியவளுக்கு 328, சின்னவளுக்கு 341. பொறியியல் கட்ஆஃபில் 200-க்கு 27 மார்க் இடைவெளி இருந்தது, இங்கே 400-க்கு 13 ஆகச் சுருங்கிவிட்டது பாருங்கள், மார்க் அதே மார்க்தான். பி.ஏ. தமிழுக்கு விண்ணப்பித்தால் தமிழ் மார்க்கை வைத்து வரிசை, பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க்கை வைத்து. அங்கே பெரியவள் 96-ம் 94-மாக முன்னால் நிற்பாள், தங்கச்சி எங்கேயோ பின்னால் இருப்பாள். கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, அந்த ஏலத்தில் இறால் உயிரியல். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நான்கு பாடமும் ஆளுக்கு 50 என்று சமம். ஒரே மார்க் ஷீட், நாலு தராசு, நாலு வரிசை.

இந்தப் பேச்சு நடந்து நாலைந்து நாள் கழித்து கலிஃபோர்னியாவிலிருந்து என் பெரியம்மா மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். அவள் மகள் அங்கே பத்தாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். "டேய், இவளுக்கு ஜிபிஏ 4-க்கு 4.2-ன்னு போட்டிருக்காங்க. நாலுக்கு மேல எப்படிடா வரும்? அடுத்த வருஷம் கஷ்டமான ஏபி பாடம் எடுக்கலாமா, இல்ல சாதாரணப் பாடம் எடுத்து எல்லாத்துலயும் ஏ வாங்குறது நல்லதா? இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

அங்கே எடை வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊரில் எந்தப் பாடம் என்பதைப் பொறுத்து எடை. அங்கே பாடத்தின் கடினத்தைப் பொறுத்து எடை. ஜிபிஏ என்பது எல்லாப் பாடத்துக் கிரேடுகளையும் புள்ளியாக்கி எடுக்கிற சராசரி. எடையில்லாத ஜிபிஏ என்றால் எந்த வகுப்பாக இருந்தாலும் ஏ-க்கு 4, பி-க்கு 3. எடை போட்ட ஜிபிஏ என்றால் ஏபி மாதிரி கல்லூரித் தரத்துப் பாடங்களுக்குப் பெரும்பாலும் ஒரு புள்ளி கூட்டி, ஏ-க்கு 5, பி-க்கு 4. ஐந்து பாடத்தில் மூன்று சாதாரணம், எல்லாம் ஏ. இரண்டு ஏபி, இரண்டும் பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில்லாமல் 18-ஐ ஐந்தால் வகுத்து 3.6. எடை போட்டால் 20-ஐ ஐந்தால் வகுத்து 4.0. ஐந்தும் சாதாரணப் பாடம் எடுத்து ஐந்திலும் ஏ வாங்கினவளுக்கு இரண்டு வகையிலும் 4.0. இரண்டு பிள்ளைகளும் ஒன்று என்று ஒரு தராசு சொல்கிறது, ஒருத்தி மேல் என்று இன்னொரு தராசு சொல்கிறது.

சரி, கல்லூரி எதைப் பார்க்கும்? இதற்குத்தான் அங்கே ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் இஷ்டத்துக்கு எடை போடுவதால், ஒரு பள்ளியில் ஒரு புள்ளி, இன்னொரு பள்ளியில் அரைப் புள்ளி, வேறொரு பள்ளியில் எடையே கிடையாது என்று இருப்பதால், பள்ளி எழுதிக் கொடுக்கிற 4.2-ஐ அப்படியே நம்பிப் பக்கத்துப் பள்ளியின் 4.5-ஓடு ஒப்பிட முடியாது. பல கல்லூரிகள் பள்ளியின் எடையைக் கழற்றிவிட்டுத் தாங்களே மறுபடி கணக்குப் போடும், அல்லது எந்தெந்தப் பாடம் எடுத்தாள், எதில் என்ன கிரேடு என்று பட்டியலை வரிவரியாகப் படிக்கும்.

என் பெரியம்மா மகள் இருக்கிற மாநிலத்தில் இது கொஞ்சம் வெளிச்சமாகவே இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் கணக்கைத் தானே எழுதி வைத்திருக்கிறது. பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள்தான் ஜிபிஏ-வில் சேரும், கோடை வகுப்பு எடுத்திருந்தால் அதுவும். ஒன்பதாம் வகுப்பு கிரேடு சராசரியில் வராது. ஏ மைனஸும் ஏ-தான், பி ப்ளஸும் பி-தான். ஏபி போன்ற பாடங்களில் ஏ, பி, சி வாங்கினால் ஒரு புள்ளி கூடும், டி வாங்கினால் கூடாது. அந்தக் கூடுதலும் எட்டு செமஸ்டர் வரைதான், அதில் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் எடுக்க முடியாது. ஒரு வருஷப் பாடம் இரண்டு செமஸ்டர் என்றால், நான்கு ஏபி பாடத்தோடு கூடுதல் புள்ளி நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை எடுத்தாலும் இந்த எண் அசையாது, ஆனால் எடுத்த பாடம் எவ்வளவு கடினம் என்பதைத் தனியாகப் பார்க்கத்தான் செய்வார்கள். குறைந்தபட்சம் 3.0 வேண்டும், வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு 3.4.

இதையெல்லாம் வைத்து அவளிடம் நான் சொன்னது: "புள்ளிக்காக ஏழு எட்டு ஏபி-யை அடுக்காதே. அவளுக்குப் பிடிச்ச பாடம் ரெண்டு, அதுல குறைஞ்சது பி நிச்சயம் வரும்னா, அந்த ரெண்டை எடுக்கச் சொல்லு. ஏபி-ல வாங்குற பி-யும் சாதாரண வகுப்புல வாங்குற ஏ-யும் அந்தப் பல்கலைக்கழகத்துக் கணக்குல ஒண்ணுதான். சி-க்கு இறங்கிடும்னு பயமிருந்தா வேண்டாம்." டெக்சாஸ் மாதிரி மாநிலத்தில் இருந்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும், அங்கே 1997-லேயே சட்டம் போட்டு, தன் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிற பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேராக இடம் என்று ஆக்கிவிட்டார்கள். பள்ளி எப்படி எடை போட்டு ரேங்க் கொடுக்கிறது என்பது அங்கே உயிர்நாடி.

அவளோடு பேசி முடித்தபோது எனக்குள் நின்ற விஷயம் வேறு. அமெரிக்காவில் பிள்ளையின் கிரேடோடு சேர்த்துப் பள்ளியைப் பற்றியும் ஒரு குறிப்பு கல்லூரிக்குப் போகும். இந்தப் பள்ளியில் மொத்தம் எத்தனை ஏபி பாடம் நடத்துகிறோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்றே மூன்று ஏபி நடத்துகிற சின்னப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை மூன்றையும் எடுத்திருந்தால், அது இருபது நடத்துகிற பள்ளியில் மூன்று எடுத்த பிள்ளை மாதிரி இல்லை என்று படிப்பவருக்குத் தெரியும். நம் கட்ஆஃபுக்கு இப்படிக் கண் கிடையாது. கணிதத்தில் 95 என்றால் 95. பாதி வருஷம் கணித ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்த பள்ளியா, தினமும் ஸ்பெஷல் கிளாஸ் நடந்த பள்ளியா என்பது அந்த எண்ணில் இல்லை.

அதனால்தான் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டை நான் பெரிதாக நினைக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020-ல் மருத்துவத்திலும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளிலும் கொண்டுவந்தார்கள். பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேருகிற பிள்ளைக்குக் கட்டணமும் விடுதிச் செலவும் அரசே கட்டிவிடும். கட்ஆஃபுக்குத் தெரியாத பள்ளியை இது தெரிந்துவைத்திருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் இதற்குள் வராதது எனக்கு மனவருத்தம். எங்கள் பக்கம் கடற்கரையோரத்தில் அந்தப் பள்ளிகளில் படிப்பதும் இதே மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தான், இதே தடைக்காலம்தான் அவர்கள் வீட்டிலும்.

ஆனால் நம் முறையில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பேனாவும் வீணாய்ப்போன ஒரு தாளும் இருந்தால் யாரும் தங்கள் கட்ஆஃபைத் தாங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் இருக்கிற படித்த அம்மாவுக்கே புரியாமல் எனக்குப் போன் போடும்படி இருக்கிறது அவர்கள் கணக்கு. இங்கே கருவாடு விற்கிற அக்கா ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். இவ்வளவு எளிய கணக்கைப் பதினொன்றாம் வகுப்பு முதல் நாளே போர்டில் எழுதிப் போட என்ன கஷ்டம்?

கல்லூரிக்குள் போனவர்களும் இதோடு தப்பித்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே சிஜிபிஏ, அதிலும் எடை இருக்கிறது, அதன் பெயர் கிரெடிட். நான்கு கிரெடிட் கணிதத் தாளில் 6 புள்ளி, இரண்டு கிரெடிட் லேபில் 10 புள்ளி வாங்கினால் சும்மா சராசரி 8 என்று தோன்றும். கிரெடிட்டால் பெருக்கி வகுத்தால் 44-ஐ ஆறால் வகுத்து 7.33. லேபில் ஓ கிரேடு வாங்கிவிட்டேன் என்று சந்தோஷப்படுகிற பையன்கள் இதை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

மறுபடியும் அந்த அக்கா வீட்டுக்கு வருகிறேன். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பொறியியல் விண்ணப்பம் போட்டோம், இரண்டு பேருமே 7.5-க்குள் வருகிறவர்கள். படிக்க வைக்கத் தெம்பில்லை என்று அக்கா சொன்னதற்கு அந்த ஒரு தகவல்தான் பதில், அதைக் கேட்டதும்தான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவளுக்கு அதோடு ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரிக்கும் போட்டோம். பி.ஏ. தமிழை அவளே சொன்னாள், நான் சொல்லவில்லை. தமிழ் 96 என்று தட்டச்சு செய்யும்போது என் பின்னால் வந்து நின்று ஸ்கிரீனைப் பார்த்தாள். எது கிடைக்கும், எதில் சேருவாள் என்று இதை எழுதும்வரை தெரியாது.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அக்கா திரும்பினார். "தம்பி, இவங்களுக்குக் கீழ ஒருத்தன் இருக்கான். பத்தாவது. அடுத்த வாரம் ரிசல்ட்டு."

"ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்க்கா, நாளைக்கே அனுப்பி விடுங்க" என்றேன்.

மறுநாள் காலையில் வந்தான். கையில் நோட்டு, காதில் பேனா. என்ன படிக்க ஆசை என்றால் கடல் சம்பந்தமாக என்கிறான். அந்தப் படிப்புக்கு நாகப்பட்டினத்தில் பல்கலைக்கழகமே இருக்கிறது, தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது என்று சொன்னேன், அவனுக்கு அதுவே புதுச் செய்தி.

"அண்ணே, அதுக்கு எது இறாலு?"

அம்மா வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். மீன்வள அறிவியல் படிப்பான பி.எஃப்.எஸ்சி.-க்கு உயிரியல் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது, மீன்வளப் பொறியியல் பி.டெக்.-க்குக் கணிதம் இல்லாமல் முடியாது, அக்காமார் மாதிரி கம்ப்யூட்டர் குரூப் எடுத்தால் முதல் கதவு மூடிவிடும், உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப் கிடைத்தால் இரண்டும் திறந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நோட்டின் முதல் பக்கத்தில் கோடு போட்டு எழுதிக்கொண்டே வந்தான்.